செயலுக்குக் காரணம் உண்டென்றால் சுதந்திரம் இல்லையா? அரசைப் பற்றி யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் செய்யும் எல்லாவற்றுக்கும் முன்காரணம் உண்டு என்பது நியதிவாதம். உடனே, “அப்படியானால் ஓட்டு, உரிமை, தண்டனை எல்லாம் எதற்கு?” என்று கேட்டுவிடுகிறோம்.

காரணத்தையும் கட்டாயத்தையும் ஒன்றாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வந்த ‘லெவியத்தான்’ நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டினார். வாய்க்காலில் தண்ணீர் இறங்கி ஓடுவது தவிர்க்க முடியாதது. ஆனாலும் அது தடையின்றித்தான் ஓடுகிறது. நான் யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்பதை என் ஊரும் வளர்ப்பும் தீர்மானித்திருக்கலாம். என்னைச் சாவடிக்குள் விடாமல் தடுத்தால்தான் என் சுதந்திரம் பறிபோகிறது. ஆனால் அச்சத்தால் செய்ததும் சுதந்திரமான செயலே என்று ஹாப்ஸ் இன்னும் ஒரு படி போகிறார். அங்கே அவரோடு நான் உடன்படவில்லை, காரணம் கீழே.

சட்டம் வீண் என்று நினைப்பது அடுத்த தவறு. எல்லாம் முன்பே தீர்மானமானது என்றால் தடைச் சட்டங்களே அநியாயம் என்று பிஷப் பிராம்ஹால் ஹாப்ஸோடு வாதாடினார். தண்டனை பற்றிய அச்சமும் மனத்தை உருவாக்கும் காரணங்களில் ஒன்று என்பதே அதற்கான பதில். தலைக்கவசம் அணியாததற்கு அபராதம் விதிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இவை ஏட்டுத் தவறுகள். அரசே செய்தால் உயிர் போகும் தவறு ஒன்று உண்டு: செயல்களுக்குக் காரணம் இருப்பதால், ஒருவர் நாளை என்ன செய்வார் என்பது தனக்கு இன்றே தெரியும் என்று அரசு நம்புவது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறந்தவர்கள் குற்றம் செய்தே தீருவார்கள் என்ற எண்ணத்தில் எழுந்தது. 1911 திருத்தத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரின் ஊர்களில் கைரேகை எடுத்துப் பதிவேட்டில் சேர்த்தார்கள். திருட்டே அறியாதவரும் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். துப்பாக்கி முன்னால் வைக்கும் ரேகையைச் சுதந்திரச் செயல் என்று எப்படிச் சொல்வது?

இதில் நியதிவாதத்தைக் குறை சொல்வதும் தவறுதான். அது காரணங்களைத் தேடச் சொல்கிறது. அந்தச் சட்டமோ பிறப்போடு தேடலை நிறுத்திக்கொண்டது. நிலமும் படிப்பும் பிழைப்பும் கணக்கில் வரவே இல்லை. அதே ஆங்கிலேய அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. காரணம் மாறினால் மனிதரும் மாறுவர் என்று நம்பாமல் யாரும் பள்ளிக்கூடம் திறக்க மாட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. பள்ளிகள் அதற்குப் பின்னும் தொடர்ந்தன.