கட்டைவிரல் ஆபரேஷன் ஆயிற்றா? அந்தப் பந்தைக் கீழே வையுங்கள்

முப்பது வருடம் தையல் மிஷினும் கத்தரிக்கோலுமாக இருந்தவள் நான். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோய், அங்கிருந்த டிரப்பீசியம் என்ற குட்டி எலும்பையே எடுத்துவிட்டார்கள். பிசியோவுக்குப் போகும்போதெல்லாம், புதிதாக வருகிறவர்கள் நான் செய்த கூத்தையே செய்வதைப் பார்க்கிறேன். மாவுக்கட்டை நனைக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வலி போனதும் வலு வந்துவிட்டதாக நினைப்பது

ஆறாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வருடக்கணக்காகக் குடைந்த வலி இல்லை. பார்க்க வந்த கொழுந்தனார் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து, "அண்ணி, இதை அமுக்கிக்கிட்டே இருங்க, கை முறுக்கேறிடும்" என்றார். சீரியல் பார்த்தபடி தினமும் இருநூறு தடவை அமுக்கினேன். பத்தே நாளில் விரலடி வீங்கி, ஜாக்கெட் கொக்கிகூட மாட்ட முடியவில்லை. மறுபடி மூன்று வாரம், விரலை அசையவிடாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட். அந்த வருடத் தீபாவளித் தையல் மொத்தமும் பக்கத்துக் கடைக்குப் போயிற்று. இன்றைக்கும் யார் கையிலாவது அந்தப் பந்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எலும்பை எடுத்த குழியில், என் கையிலிருந்தே ஒரு தசைநாணைப் பிரித்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் தழும்பு வளர்ந்து இறுகினால்தான் விரல் நிலைகொள்ளும். மூட்டு நன்றாக இருக்கும் கையிலேயே, நுனியில் 1 கிலோ அழுத்தினால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்குமாம். பாதி ஆறிய குழியில் நான் எவ்வளவு இறக்கினேனோ!

பந்தே கூடாதா? பிசியோ சொல்கிற நாளில் அமுக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டி. அதுவரை சலிப்பான வேலைதான்: கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரிப்பது, மற்ற விரல் நுனிகளை மெதுவாகத் தொடுவது. ஆள்காட்டி விரலைத் தொடும்போது வட்டமாக வர வேண்டும். கட்டைவிரலின் நடுமூட்டு பின்னால் வளைந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

தோளை மறப்பது

கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்கள், முழங்கை, தோள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே அசையுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் தோளுக்குத் தனியாக பிசியோ.

மரத்துப்போனதை மறைப்பது

டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தவர் கையோடு ஒப்பிடுவது

ஈரத்துணி பிழிய, இறுகிய மூடியைத் திருக, ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். நான் இப்போது ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன், ஹெம்மிங் செய்கிறேன். ஜீன்ஸ் துணி வெட்ட மட்டும் ஸ்பிரிங் வைத்த கத்தரிக்கோல். ஊறுகாய் பாட்டிலை மருமகள் திறந்து தருகிறாள்.