பெரிய ரயர் முதலில், ஸ்பேசர் கடைசியில்

எங்கள் வயல் முத்தையன்கட்டுப் பக்கம். கார்த்திகை மழை விழுந்தால் வாய்க்கால் ஓரத்துப் பாதை முழுக்கச் சேறு. அதற்குள் போய்வர, கொம்பனி பூட்டி விட்ட சாதாரண ரயர் காணாது. என் பழைய மிற்சுபிசி மொன்ரேரோ ஜீப்புக்குப் பெரிய ரயர் போட்டு நாலு மாரி ஓடிவிட்டேன். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபிறகு இருக்கிற வாகனத்தையே தேற்றி ஓடப் பழகியவர்கள் இங்கே நிறையப்பேர். அவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது ஸ்பேசரைப் பற்றித்தான். சில்லுக்கும், அது பூட்டப்படும் நடுப்பாகமான ஹப்புக்கும் இடையில் வைக்கும் தடித்த வளையம்தான் ஸ்பேசர். ரயரைத் தெரிந்தெடுத்து, பூட்டி, ஓடிப் பார்த்தபிறகுதான் ஸ்பேசரை யோசிக்க வேண்டும்.

முதலில் ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்தை வாசியுங்கள். என்னுடையதில் 265/70 ஆர் 16 என்று இருந்தது. அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், றிம் 16 அங்குலம். கணக்குப் பார்த்தால் முழு உயரம் 777 மில்லிமீற்றர். அதே அகலத்தில் 75 வீதம் எடுத்தால் 804. கூடுவது 27 மில்லிமீற்றர், அதில் பாதிதான் வாகனத்தை நிலத்திலிருந்து உயர்த்தும். ஒரு விரல் அகலமும் வராது. ஆனால் நடுவில் மேடு விழுந்த உழவு இயந்திரத் தடத்தில் அந்தக் கொஞ்ச உயரமே அடித்தகடு இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

285/75 ஆர் 16 போட்டால் 834 மில்லிமீற்றர். பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு ஏழரை அங்குலத்துக்குக் குறையாத றிம் வேண்டும், எனக்கு இருந்தது ஏழு. வேகமானி 80 காட்டும்போது உண்மையில் 86 ஓடும். இழுவை குறையும், பிரேக் பிடிக்கத் தூரம் கூடும், டீசலும் கூடச் செலவாகும். 265/75 என்றால் 80க்கு 83 மட்டும். நான் அதையே எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வயல் பாதையில் மேலே ஒரு சாண் சேறு, அடியில் இறுகின தரை. அப்படியான இடத்தில் ஒடுங்கிய உயர்ந்த சில்லு சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். மாட்டுவண்டில் சில்லை நினைத்துப் பாருங்கள். அகலமான ரயர் உதவுவது அடியே இல்லாத சேற்றிலும், முல்லைத்தீவுக் கடற்கரை மாதிரி மணலிலும்தான்.

ரயர் வகையில் எனக்குக் குழப்பமே இல்லை. நாளாந்தம் ஏ9 நெடுஞ்சாலையில் ஓடி, இடைக்கிடை கிரவல் றோட்டிலும் வயலிலும் இறங்குகிறவருக்கு ஏரி (AT) எனப்படும், றோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான இருவழி ரயர் போதும். எம்ரி (MT) என்ற சேற்று ரயர் வயலுக்குள் நல்லாய் இழுக்கும். ஆனால் தார் றோட்டில் இரையும், மழையில் பிரேக் அடித்தால் கூடுதலாக வழுக்கும். பக்கச் சுவர் தடித்ததா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். காட்டுப் பாதையில் ரயரைக் கெடுப்பது முள் அல்ல, பற்றை வெட்டிவிட்ட சரிவான அடிக்கட்டை. நடு ஓட்டையை ஒட்டலாம், பக்கம் கிழிந்தால் ரயர் முடிந்தது.

பாரக் குறியையும் பாருங்கள். 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். பழைய ரயரில் இருந்த எண்ணிலும் புதியதில் குறையக் கூடாது. திகதியும் முக்கியம், பழைய இறக்குமதி ரயர் வாங்குகிறவர்களுக்கு மிக முக்கியம். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பூ, அதாவது நிலத்தில் படும் பக்கத்து வெட்டு, ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரயரை எடுக்காதீர்கள். பூவின் அடியில் விரலால் விரித்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புத் தெரியும்.

பூட்டியதும் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். ரயரின் இரண்டு தோள்களிலும் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைத் தடவுங்கள். பின்னால் ஐந்தாறு நெல் மூட்டை ஏற்றி, ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்க முறித்து, ஒரு முன்சில்லை வரம்பில் ஏற்றி இறக்குங்கள். மற்றப் பக்கமும் முறித்துச் செய்யுங்கள். பிறகு குனிந்து மட்காட்டின் உட்பக்கம், பம்பரின் பின்மூலை, சொக் அப்சோபர் எல்லாம் ரோச் அடித்துப் பாருங்கள். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே ரயர் உரசுகிறது. என்னுடையதில் முன்பக்கப் பிளாஸ்ரிக்கில் மட்டும் ஒரு விரல் நீளக் கோடு. அதைச் சூடாக்கி உள்ளே தள்ளியதோடு சரி.

வெள்ளை சொக்கிலோ அதன் அருகிலுள்ள இரும்புக் கையிலோ இருந்தால்தான் ஸ்பேசருக்கு வேலை. ஸ்பேசர் சில்லை வெளியே தள்ளும். வாகனத்தை ஒரு மில்லிமீற்றரும் உயர்த்தாது. வெளியே போன சில்லு முறிக்கும்போது பெரிய வட்டம் எடுப்பதால் பம்பரில் உரசல் கூடவும் செய்யும். பேரிங்குக்கு நெம்பு கூடுகிறது, குழியில் ஸ்ரியறிங் கையை வெட்டுகிறது. அதனால் 25 மில்லிமீற்றருக்கு மேல் நான் போகமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் தேவையில்லாமலே நாலு ஸ்பேசர் வாங்கினேன். கடைக்காரர் கழற்றிய சில்லின் இடத்தில் ஒன்றை வைத்துக் காட்டினார். அது ரொயோற்றா பிராடோவுக்குச் செய்தது. “ஆறு ஓட்டையும் ஒண்டுதான் தம்பி, பிராடோவுக்கும் இதுக்கும் ஒரே அளவு” என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டுக்கும் ஆறு போல்ட், 139.7 மில்லிமீற்றர் வட்டம். ஆனால் பிராடோவின் நடு ஓட்டை 106 மில்லிமீற்றர், என் வாகனத்துக்கு 67. நடுவில் ஹப்பில் இறுக்கமாய் உட்கார வேண்டிய வளையம் அந்தரத்தில் நின்றது. பாரம் முழுக்க போல்ட்டுகளில் தொங்கியது. மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளம் வரும்போது 70இல் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தேன். இடது முன்சில்லில் இரண்டு நட்டு விரலால் சுழன்றன, ஒரு போல்ட் அடியோடு முறிந்திருந்தது. பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள் நித்திரை.

ஆகவே கலிப்பர் என்ற அளவுகோல் ஒன்று கொண்டுபோய் நடு ஓட்டையையும் ஹப்பையும் நீங்களே அளந்து பாருங்கள். ஸ்பேசர் அதில் கையால் தள்ளிப் போகவேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. வார்ப்பு அலுமினியம் வேண்டாம், அடித்துச் செய்ததை எடுங்கள். தனக்கென்று போல்ட் உள்ளதாக இருக்கட்டும். சும்மா இடையில் செருகும் தட்டு, நட்டு பிடிக்கும் புரியைக் குறைத்துவிடும். பூட்டியதும் பழைய போல்ட்டின் நுனி ஸ்பேசரின் முகத்துக்கு மேலே நீட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். நீட்டினால் றிம் சமமாகப் படியாது. நட்டின் வாயும் பொருந்த வேண்டும், கூம்பு வாய்க்குக் கூம்பு, தட்டை வாய்க்குத் தட்டை.

பூட்டும்போது ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரசால் தேய்த்து எடுங்கள். நட்டு முறுக்கும் காற்றுத் துவக்கால் கடைசி இறுக்கு இறுக்க விடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவியால் (ரோர்க் ரெஞ்ச்) குறுக்கே குறுக்கே, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். 12 மில்லிமீற்றர் போல்ட் உள்ள இந்த வகைகளுக்கு அது ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர். 80, 100 கிலோமீற்றர் ஓடியதும் சில்லைக் கழற்றி, உள்ளே ஸ்பேசரின் நட்டையும் திரும்ப இறுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பூட்டிக்கொண்டு வந்தால் முறிகண்டியில் அந்தத் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவோம். அங்கேயே ஜக்கை எடுத்துவிடுங்கள். பிறகு மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை.

ரயர்க் காற்று றோட்டில் 32 இறாத்தல் (psi) வைக்கிறேன், கடற்கரை மணலில் 18க்கு இறக்குவேன். தாருக்கு ஏற முன் திரும்ப அடிக்காவிட்டால் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும்.

ஸ்பெயார் சில்லும் அதே உயரமாக இருக்கவேண்டும். நாலு சில்லும் இழுக்கும் நிலையில் ஒன்று மட்டும் சின்னது என்றால் கியர்ப்பெட்டி முறுகும். புதிய ரயர் பாரம் கூட என்பதால், பின் கதவில் தொங்கும் மொன்ரேரோவில் கதவுப் பிணைச்சலுக்கு மாதம் ஒரு தடவை கிறீஸ் வைக்கிறேன்.