இஸ்ரேலியர் எழுதும் போர்க் கட்டுரையை வாசிப்பது எப்படி

காசா போரைப் பற்றி இஸ்ரேலியர் ஒருவர் எழுதிய கட்டுரையோ, கொடுத்த பேட்டியோ, அந்நாட்டு ராணுவத்தின் அறிக்கையோ தமிழ் வாசகரின் கைக்கு வரும்போது, அதை அப்படியே ஏற்பது அல்லது முதல் பத்தியிலேயே ஒதுக்கிவிடுவது என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஈழப் போரின் நினைவோடு வாசிப்பவர்களுக்கு நிதானம் இன்னும் கடினம். இலங்கை விமானப்படை 1990களிலிருந்து பயன்படுத்திய கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை என்பது அவர்களுக்கு வெறும் தகவல் அல்ல. ஆயினும் ஒரு தரப்பின் எழுத்தைப் பயனுள்ள வகையில் வாசிக்க ஒரு வழி உண்டு. எல்லை வேலிக்கு இந்தப் பக்கம் தமக்கு நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களையும், அந்தப் பக்கம் நடப்பதாகச் சொல்லும் வாக்கியங்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். முதல் வகையில் எழுதுபவர் நேர்சாட்சி. இரண்டாம் வகையில் அநேகமாக அவர் சாட்சியே அல்ல.

முதலில் வரைபடத்தை எடுத்து எழுதுபவரின் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காசா எல்லையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்டெரோட் நகரத்தில் சைரன் ஒலித்தால் பதுங்குவதற்கு 15 விநாடிகள் கிடைக்கும். அஷ்கெலோனில் 30, டெல் அவிவில் 90. டெல் அவிவ்காரர் மாடிப்படி இறங்கிப் பொதுப் பதுங்கிடத்துக்கு நடந்தே போய்விடலாம், ஸ்டெரோட்காரர் குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு ஓட வேண்டும். அந்த ஊரின் மேல் முதல் ராக்கெட்டுகள் விழுந்தது 2001இல். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் கான்கிரீட்டால் கட்டிய பேருந்து நிறுத்தங்களையும், புழு வடிவத்தில் வண்ணம் பூசிய பதுங்கு குழாய்கள் உள்ள விளையாட்டுத் திடலையும் இயல்பானவை என்று நினைத்தே வளர்ந்தார்கள். 2011இல் அயர்ன் டோம் என்ற இடைமறிப்பு அமைப்பு செயல்படத் தொடங்கியதும் ராக்கெட்டுகளில் பெரும்பான்மையானவை வானத்திலேயே அழிக்கப்பட்டன, உயிரிழப்பு குறைந்தது. வெளியுலகம் இரு பக்கத்து உடல்களை எண்ணிப் பார்த்து, இது சமமற்ற போர் என்றது. அந்த எண்ணிக்கை சரியே. ஆனால் ஸ்டெரோட்காரர் எண்ணியது சைரன்களை. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அவருடைய கட்டுரையில் உள்ள கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். (தெற்கு இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் அரசு அங்கீகரிக்காத பெதுவின் அரபுக் கிராமங்களில் பதுங்கிடமும் இல்லை, பல இடங்களில் சைரனும் இல்லை, அங்கே வாழ்பவர்களும் இஸ்ரேலியக் குடிமக்கள்தான். இதை எழுதும் இஸ்ரேலியரைக் கண்டால் அவருக்குக் கூடுதல் கவனம் கொடுக்கலாம்.)

அடுத்து, காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேலின் எல்லையோர ஊர்களைத் தாக்கிய 2023 அக்டோபர் 7ஆம் தேதியைப் பற்றிய சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளைக் கவனியுங்கள்: வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பறையின் கதவு. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பிறகு, புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் இரும்புக்கம்பி செருகிய தடித்த கான்கிரீட் சுவரும், எஃகுக் கதவும், இழுத்து மூடும் எஃகுச் சன்னல் தகடும் கொண்ட ஓர் அறை இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மற்ற நாட்களில் அது பெரும்பாலும் குழந்தைகளின் படுக்கையறை. குண்டு விழுந்து வீடு இடிந்தால் மீட்புப் படையினர் வெளியிலிருந்து திறக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கதவுக்கு உட்பூட்டு வைக்கப்படவில்லை. அக்டோபர் 7 அன்று காலை ஆறரை மணியளவில் சைரன் ஒலித்ததும் எல்லையோரக் கிப்புட்ஸ் (கூட்டுக் குடியிருப்பு) குடும்பங்கள் வழக்கம்போல் அந்த அறைக்குள் போயின. ஆனால் வாசலுக்கு வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்த மனிதர்கள். உள்ளே இருந்தவர்கள் கைப்பிடி திரும்பாதபடி மணிக்கணக்கில் மாறி மாறி இழுத்துப் பிடித்தார்கள். சிதறலைத் தாங்கும்படி செய்த கதவு துப்பாக்கிக் குண்டைத் தாங்கவில்லை. சில வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டதால் புகையில் மூச்சுத் திணறிச் செத்தவர்களும் உண்டு. அன்று கொல்லப்பட்டவர்கள் சுமார் 1,200 பேர், காசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 251 பேர். இத்தகைய சாட்சியத்தை வாசிக்கும்போது, பின்னால் சாட்சி சொல்பவருடைய நாடு என்ன செய்தது என்பதை முன்னால் கொண்டுவந்து வைத்து அதைச் சுருக்கிவிடாதீர்கள். அது தனியாக நிற்கும் உண்மை.

மூன்றாவதாக, கட்டுரை எந்த ஆண்டிலிருந்து கதையைத் தொடங்குகிறது என்று பாருங்கள். இஸ்ரேலியக் கட்டுரைகள் மிக அடிக்கடி தொடங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று 2000: இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்த சில வாரங்களில் இரண்டாவது இன்டிபாடா என்ற பாலஸ்தீன எழுச்சி தொடங்கியது, பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 2002 மார்ச்சில் நெதன்யா நகரத்தின் பார்க் ஹோட்டலில் யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்தின்போது 30 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 1,000 இஸ்ரேலியர்களும் 3,000 பாலஸ்தீனர்களும் கொல்லப்பட்டார்கள். அமைதிப் பேச்சை ஆதரித்துவந்த பல இஸ்ரேலியர்கள் அந்த நிலைப்பாட்டின் பக்கமே திரும்பிப் பார்க்காமல் போனது அப்போதுதான். மற்றொன்று 2005: பிரதமர் ஏரியல் ஷரோன் காசாவிலிருந்த 21 யூதக் குடியேற்றங்களையும் கலைத்து, எண்ணாயிரம் பேரளவில் வெளியேற்றினார். 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றது, 2007இல் ஆயுத பலத்தால் காசாவைக் கைப்பற்றியது. ‘நாங்கள் வெளியேறினோம், பதிலுக்கு ராக்கெட் வந்தது’ என்பது இன்றும் ஒரு சராசரி இஸ்ரேலியருடைய அரசியல் வாதத்தின் நடுத்தூண்.

இந்த வாதத்தை எடைபோட, தொடக்கத்தை நீங்களே பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். 2005க்குப் பிறகும் காசாவின் வானமும் கடலும் இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2007 முதல் எகிப்தும் சேர்ந்து நடத்திய முற்றுகை இருந்தது. அந்த வெளியேற்றம் பாலஸ்தீன அதிகாரசபையோடு பேசிச் செய்துகொண்ட உடன்பாடும் அல்ல. இன்னும் பின்னால் போனால், காசாவில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் 1948இல் இடம்பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். இன்றைய ஸ்டெரோட் அருகே அந்த ஆண்டு வரை நஜ்த் என்ற பாலஸ்தீனக் கிராமம் இருந்தது. இவை எதுவும் அக்டோபர் 7ஐ நியாயப்படுத்துவதில்லை, ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் ‘காரணமே இல்லாத வெறுப்பு’ என்று முடிக்கும் கட்டுரை, எழுதியவருடைய காயத்தைப் பற்றி மட்டுமே நம்பகமாகப் பேசுகிறது.

இஸ்ரேலியர்கள் தம் அரசின் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளைத் தேடி வாசியுங்கள். தமிழில் வரும் செய்திகளில் மிகக் குறைவாக இடம்பெறும் பகுதி இதுதான், ஆனால் இஸ்ரேலியப் பார்வையில் மிகச் செறிவான பகுதியும் இதுதான். 2012, 2014, 2021 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காசாவைக் கடுமையாகத் தாக்கி ஹமாஸைப் பலவீனப்படுத்துவது, இடைப்பட்ட காலத்தில் அதைக் காசாவின் ஆட்சியாளராக விட்டுவைத்து அமைதியை விலைக்கு வாங்குவது என்பதே பல ஆண்டுகள் பிரதமராக இருந்த நெதன்யாகுவின் அரசுகளின் நடைமுறையாக இருந்தது. 2018 முதல் கத்தாரின் பணம் இஸ்ரேலின் சம்மதத்தோடு காசாவுக்குள் போனது; காசாத் தொழிலாளர்களுக்கு வேலை அனுமதிகள் வழங்கப்பட்டன. 65 கிலோமீட்டர் நீளத்தில் உணர்கருவிகளும் நிலத்தடிச் சுவரும் கொண்ட புதிய வேலி 2021 டிசம்பரில் முடிக்கப்பட்டது. வேலிக் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்த நஹல் ஓஸ் முகாமின் இளம் பெண் ராணுவத்தினர், ஹமாஸ் பயிற்சிகளைக் குறித்துப் பல மாதங்களாக எச்சரித்தும் மேலிடம் பொருட்படுத்தவில்லை. அக்டோபர் 7 அன்று அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், சிலர் கடத்தப்பட்டார்கள். ராணுவ உளவுத்துறைத் தலைவர் 2024 ஏப்ரலிலும், தலைமைத் தளபதி ஹெர்ஸி ஹலேவி 2025 ஜனவரியிலும் பதவி விலகலை அறிவித்தார்கள். 1973 போருக்குப் பிறகு அதன் தோல்விகளை விசாரிக்க அக்ரனாத் ஆணையம் அமைத்த நாட்டில், இந்தத் தோல்வியை விசாரிக்கும் சுயேச்சையான அரசு ஆணையத்தை நெதன்யாகு அரசு தட்டிக்கழித்தே வந்தது.

பணயக் கைதிகளைப் பற்றிய கட்டுரைகளும் இந்த உட்பூசலின் பகுதியே. 2006இல் கடத்தப்பட்ட கிலாத் ஷாலித் என்ற ஒரே ராணுவ வீரருக்காக 2011இல் 1,027 கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் யாஹ்யா சின்வார், அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர். எந்த விலை கொடுத்தும் மீட்க வேண்டும் என்று டெல் அவிவ் சதுக்கத்தில் வாரந்தோறும் நின்ற குடும்பங்களும், அந்த விலைதான் அடுத்த படுகொலைக்கு விதை என்று எதிர்த்த பென் க்விர், ஸ்மோட்ரிச் போன்ற தீவிர வலதுசாரி அமைச்சர்களும் ஒரே நிகழ்வைக் காட்டித்தான் வாதிட்டார்கள். உயிரோடிருந்த கடைசி 20 பேர் 2025 அக்டோபர் 13ஆம் தேதி, போர்நிறுத்த உடன்பாட்டின் கீழ் திரும்பினார்கள்.

எழுதுபவர் யார், எங்கே எழுதுகிறார் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளிதழ்களில் ஹாரெட்ஸ் இடதுசாரி, அரசின் கடும் விமர்சகர். இஸ்ரேல் ஹயோம் வலதுசாரி. தொலைக்காட்சியில் சேனல் 14 நெதன்யாகுவின் ஆதரவுக் குரல். யூதக் குடிமக்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவை முடித்தவர்கள், ஆகவே பத்தி எழுதுபவரின் மகனோ மகளோ காசாவில் ரிசர்வ் படையில் இருக்கக்கூடும்; அதை அவர் சொல்லாமலும் இருக்கலாம். எல்லையோரக் கிப்புட்ஸ்களில் அமைதி இயக்கத்தினர் நிறைய பேர் வாழ்ந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பெண்களின் அமைதி இயக்கம் ஒன்றைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான விவியன் சில்வர் பெயேரி கிப்புட்ஸில் கொல்லப்பட்டார். அவருடைய மரணத்தைப் பழிவாங்கலுக்குச் சான்றாகக் காட்டியவர்களும் உண்டு, அவருடைய மகனைப் போல அதை மறுத்தவர்களும் உண்டு.

இனி வேலியின் மறுபக்கத்தைப் பற்றிய வாக்கியங்கள். பல ஆண்டுகளாகவே சாதாரண இஸ்ரேலியர் காசாவுக்குள் போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. போர் தொடங்கிய பின் இஸ்ரேலியச் செய்தியாளர்களும் வெளிநாட்டுச் செய்தியாளர்களும் அநேகமாக ராணுவத்தின் துணையோடு மட்டுமே உள்ளே போனார்கள்; ராணுவத் தணிக்கையும் உண்டு. எனவே காசாவைப் பார்த்த இஸ்ரேலியர் என்றால் பெரும்பாலும் ராணுவ உடையில் பார்த்தவர். ‘அந்தக் கட்டடத்தில் ஹமாஸ் இருந்தது’ என்ற வாக்கியம் வரும்போது, ஆதாரம் படமா, பெயரா, வெறும் அறிவிப்பா என்று கேளுங்கள். குடியிருப்புகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அடியில் சுரங்கங்கள் இருந்ததற்குக் காட்சிச் சான்றுகள் உள்ளன. ஆனால் ஒரு தரப்பு பொதுமக்களைக் கேடயமாக்கினாலும் மறுதரப்புக்கு அவர்களைக் காக்கும் கடமை நீங்குவதில்லை என்பது போர்ச் சட்டத்தின் விதி. பல இஸ்ரேலியக் கட்டுரைகள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. இறந்தோர் எண்ணிக்கையிலும் இதே கவனம் தேவை. காசா சுகாதார அமைச்சகம் 2025 அக்டோபரில் சொன்ன கணக்கு 67,000க்கும் மேல். அது போராளிகளையும் பொதுமக்களையும் பிரிக்காது, ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ் உள்ளது, இந்த இரு ஆட்சேபங்களும் சரியானவை. முந்தைய போர்களில் அதே அமைச்சகத்தின் மொத்த எண்ணிக்கை ஐ.நா. பின்னர் சரிபார்த்த எண்ணிக்கைக்கு நெருக்கமாகவே இருந்தது என்பதும் உண்மை.

அந்தப் பக்கத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவோ அவ்வளவு, இஸ்ரேலின் பிடியில் உள்ள இன்னொரு பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையைப் பற்றிய மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெனின் அகதி முகாமின் ஆயுதக்குழுக்களைப் பற்றி விரிவாக எழுதுபவர், மேற்குக் கரையில் கிழக்கு எருசலேம் நீங்கலாகவே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இஸ்ரேலியக் குடியேறிகள் வாழ்வதையும், அவர்களில் சிலர் பாலஸ்தீனக் கிராமங்களைத் தாக்குவதையும் விட்டுவிட்டால், அந்த விடுபடலை நிரப்ப பெட்ஸெலெம் போன்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளே போதும்.

கடைசியாக, எந்த அறிக்கையையும் தேதியோடு சேமித்துவைத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அக்டோபர் தாக்குதலின் முதல் நாட்களில் 40 குழந்தைகள் தலை துண்டிக்கப்பட்டதாகப் பரவிய செய்தி உறுதிப்படவே இல்லை, உண்மையில் நடந்த கொடுமைகளை மறுப்பவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. 2025 மார்ச் 23ஆம் தேதி காசாவின் தெற்கில் உள்ள ரஃபாவில் 15 மீட்புப் பணியாளர்களும் மருத்துவ உதவியாளர்களும் கொல்லப்பட்டபோது, விளக்கு எரியாத வாகனங்கள் சந்தேகத்துக்கிடமாக நெருங்கி வந்ததாக ராணுவம் சொன்னது. இறந்தவர்களில் ஒருவரின் கைப்பேசியில் பதிவான காணொளி ஏப்ரல் தொடக்கத்தில் வெளியானது. அதில் ஆம்புலன்ஸ்களின் அவசர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலில் சொன்னது தவறு என்று ராணுவம் ஒப்புக்கொண்டது, அந்தப் படைப்பிரிவின் துணைத் தளபதி ஒருவர் பதவி நீக்கப்பட்டார். முதல் அறிக்கையை மொழிபெயர்த்து வெளியிட்ட தளம், இந்த இரண்டாவது அறிக்கையையும் வெளியிட்டதா என்று தேடிப் பாருங்கள்.