ரோல் நம்பர் 43: பதற்றத்தோடு படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

கல்லூரியில் என் ரோல் நம்பர் 43. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 30-ஐத் தாண்டியதுமே எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். 'பிரசன்ட் சார்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குரல் உடைந்துவிட்டால்? எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டால்? மனசுக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தால் ஒருநாள் வெறும் காற்றுதான் வந்தது. ஆப்சென்ட் விழுந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, முதல் பீரியடுக்கே போகாமல் இருப்பது.

செய்யக்கூடாததில் முதலாவது அதுதான். மற்ற தவறுகள் பாதி அதன் வயிற்றில் பிறந்தவை. செமினார் அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடமே உடம்பு லேசாகிவிடும். அந்த நிம்மதியில்தான் வில்லங்கம் இருக்கிறது. 'போகாததால்தான் பிழைத்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த செமினாருக்குப் பயம் கந்து வட்டியோடு வந்து நிற்கும்.

'நான் எங்கேயும் ஓடுவதில்லையே' என்பவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று வராத போனைக் காதில் வைத்துக்கொள்வது, செமினாரில் ஸ்லைடு முழுக்க எழுத்தை நிரப்பிவிட்டுத் திரையைப் பார்த்தே படித்து முடிப்பது, கை நடுக்கம் தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிப்பது எல்லாமே ஒளிந்துகொள்வதுதான். உடம்பு மட்டும் வகுப்பில் இருக்கும். நன்றாக முடிந்தாலும் அந்தப் பெருமை பேனாவுக்குத்தான் போகும்.

எதிர்த் தவறும் உண்டு. ஏதோ ஊக்க வீடியோவைப் பார்த்துவிட்டு, நேராகக் கல்லூரி விழாவில் மைக் பிடிக்கப் போவது. சொதப்பினால் ஆறு மாதத்துக்கு வெளியே தலைகாட்ட மாட்டோம். படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் கேன்டீனில் 'அண்ணா, சட்னி இன்னும் கொஞ்சம்' என்று கேட்பது. அப்புறம் லேபில் ஒரு சந்தேகம். அப்புறம் நான்கு பேர் முன்னால் ஐந்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரி எழுதி வைத்து, முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். என் நோட்டில் 'எல்லாரும் சிரிப்பார்கள்' என்று ஏழெட்டு இடத்தில் இருக்கிறது. சிரித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் சொன்ன ஜோக்குக்கு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட நமக்கு இதை நம்பக் கொஞ்ச நாள் ஆகும்.

இதுவரை சொன்னது ஆட்களைப் பார்த்து வரும் பதற்றம். இன்னொன்றுக்கு ஆளே தேவையில்லை. இன்று அரியர், நாளை கல்விக்கடன், மறுநாள் அப்பாவின் சுகர் என்று கவலை கிளை விட்டுக் கிளை தாவும். பெரும்பாலான நாட்கள், ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே போய், கட்டுப்படுத்தவும் முடியாமல் தூக்கமும் கவனமும் கெட்டால் அதைப் பொதுப் பதற்றக் கோளாறா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நம் ஊரில் இது பல நேரம் கேஸ் டிரபிள், கழுத்து வலி என்ற பெயரில்தான் மருந்துக்கடைக்கு வருகிறது.

இதில் நடக்கும் பெரிய தவறு, கவலைப்படுவதையே பொறுப்பாக நினைப்பது. அடுத்தது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. 'மச்சான், ஹெச்ஓடி என் மேல கோவமா இருக்காரா?' அவன் இல்லை என்பான். பத்து நிமிடம் தாங்கும், பிறகு இன்னொருவனைக் கேட்போம். கவலையை வலுக்கட்டாயமாக விரட்டுவதும் உதவாது. மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, பகலில் வரும் கவலையை ஒரு சொல்லில் குறித்துவைத்து, அந்த நேரத்தில் மட்டும் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கத்தைச் சிகிச்சையிலேயே கற்றுத்தருகிறார்கள். முதல் வாரம் கேலிக்கூத்தாகத்தான் தெரியும். எனக்கு மூன்றாவது வாரத்தில் பாதிக் கவலைகள் ஆறு மணிக்குள் ஆறிப்போயிருந்தன.

ராத்திரி கண்விழிக்க நாலு டம்ளர் காபி குடித்துவிட்டு, காலையில் படபடப்பு என்று பயப்படாதீர்கள். அதில் ஒரு பங்கு காபியுடையது.

மாத்திரை விஷயத்தில் விளையாடவே கூடாது. வைவாவுக்கு முன் போட்டால் நடுங்காது என்று ஹாஸ்டலில் இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் கைமாறும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். பதற்றத்தைத் தணிக்கத் தரும் அல்பிரசோலம் பழக்கமாகிவிடும் மருந்து. மருத்துவர் எழுதித் தரும் பதற்ற மருந்துகளில் பல, வேலை செய்யவே சில வாரங்கள் எடுக்கும். நான்கு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துபவர்கள் ஏராளம்.

கடைசியாக, 'கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாயிடும்' என்று வீட்டில் சொல்வதை நம்பி வருடங்களைக் கடத்துவது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் பேசவே பதற்றமாக இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். நான் நோட்டில் கிழித்த தாளில் பதினோரு வரி எழுதி, ஒரு வார்த்தையும் பேசாமல் மேசையில் வைத்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, 'உக்காருங்க தம்பி, இதுல மூணாவது வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்' என்றார். மூன்றாவது வரியில் இருந்தது அட்டெண்டன்ஸ்.