ஆன்லைன் கோர்ஸ் வச்சு ஹைஸ்கூல் பசங்களுக்கு கோடிங் எடுக்கறது எப்படி

முதல் வருஷம் நான் என்ன பண்ணுனேன்னா, நல்ல கோர்ஸ் ஒண்ணு தேடிப் புடிச்சு, எல்லாருக்கும் லிங்க் அனுப்பிட்டு, ஹெட்செட்ட மாட்டிக்கங்கன்னு சொல்லிட்டு லேப்ல குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டு இருந்தேன். மூணாவது வாரம் பாத்தா நாலு பேரு கோர்ஸையே முடிக்கப் போறாங்க, பாதி பேரு ரெண்டாவது வீடியோவத் தாண்டல, மிச்ச பேரு எல்லா பயிற்சிலயும் பச்சை டிக் வாங்கி வச்சிருக்காங்க ஆனா ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் பிரிண்ட் பண்ணு பாப்போம்னா முழிக்கிறாங்க. கோர்ஸ் மேல தப்பே இல்ல. நான் கிளாஸ அது கையில குடுத்துட்டு ஒதுங்கிட்டேன், அதான் விஷயம்.

யோசிச்சுப் பாருங்க, இந்த பெரிய ஓப்பன் கோர்ஸ்கள்ல இலவசமா சேர்றவங்கள்ல கடைசி வரைக்கும் போறவங்க ரொம்பக் கம்மி, நூத்துக்கு பத்து பேரு தேறுனாலே பெருசு. அவங்கல்லாம் தானா ஆசைப்பட்டு சேர்ந்த பெரியவங்க. 15 வயசுப் பையன், டைம்டேபிள்ல இருக்கேன்னு வந்து உக்காந்திருக்கறவன், அவன் மட்டும் தானா முடிச்சிருவான்னு நாம எப்படி நம்பறோம்? அதனால நான் இப்போ போற வழி இது: பாடம் எடுக்கற வேலைய கோர்ஸ் பாத்துக்கட்டும், பசங்க எழுதற கோட நான் பாத்துக்கறேன். லெக்சர் எடுக்கற நேரம் மிச்சமாகுது இல்ல, அந்த நேரம் பூரா ஒவ்வொருத்தன் ஸ்கிரீன் பக்கத்துலயும் போய் நிக்கறதுக்கு.

சரி, எந்த கோர்ஸ்? கோடே பாக்காத கிளாஸ்னா எம்ஐடி மீடியா லேப்ல 2007ல வந்த, கட்டங்கள இழுத்து ஒட்டியே கோட் பண்ற ஸ்கிராட்ச்ல ரெண்டு வாரம் ஓட்டலாம், பெரிய பசங்க இது குழந்தைங்க வெளயாட்டுன்னு மூஞ்சிய சுளிப்பாங்க, பரவால்ல, லூப்பும் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப ஓட்டறது) கண்டிஷனும் (இப்படி இருந்தா இத பண்ணுன்னு சொல்றது) கண்ணு முன்னாடி ஓடறத ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் பைத்தான் லேங்குவேஜ்ல வேல சுலபம். கோட் டாட் ஆர்க்னு ஒரு சைட்ல டீச்சருக்கான லெசன் பிளானும் சேர்ந்தே கிடைக்கும், நமக்கே கோடிங் புதுசுன்னா அது பெரிய ஒத்தாசை. கான் அகாடமில ஜாவாஸ்கிரிப்ட்ல படம் வரைஞ்சுக்கிட்டே கத்துக்கற மாதிரி இருக்கு, படம் வரையப் புடிச்ச புள்ளைங்க அதுல நல்லா ஒட்டிக்குவாங்க. ஹார்வர்டோட சிஎஸ்50ங்கற கோர்ஸ் ரொம்பப் பேரு வாங்குனது, டேவிட் மாலன் எடுக்கறாரு, மனுஷன் மேடைல நாடகம் மாதிரி நடத்துவாரு, பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா அது காலேஜ் பாடம், ஸ்கிராட்ச்ல ஆரம்பிச்சு அடுத்த வாரமே சி லேங்குவேஜுக்கு தாவிரும், லெக்சர் ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம் கிட்ட போகும். 45 நிமிஷ பீரியட்ல அத முழுசா போடணும்னு நெனைக்காதீங்க. அதுலேர்ந்து துண்டு துண்டா எடுத்துக்கலாம், இல்லன்னா அவங்களோட பைத்தான் மட்டும் எடுக்கற தனி கோர்ஸ் இருக்கு, ஹைஸ்கூலுக்கு அது தோதா இருக்கும். வீடியோவே வேணாம், படிச்சுக்கிட்டே பயிற்சி பண்றேங்கற டைப்புக்கு ஹெல்சின்கி யூனிவர்சிட்டியோட பைத்தான் கோர்ஸ் இருக்கு, அதுவும் இலவசம், பயிற்சி ஏராளம்.

செலக்ட் பண்றப்போ ரெண்டு மூணு விஷயம் மட்டும் கண்டிப்பா பாத்துருங்க. கோர்ஸ் எப்போ எடுத்ததுன்னு பாருங்க, பைத்தான் 2க்கு 2020லயே மூடுவிழா நடத்தியாச்சு, ஆனா அந்தக் காலத்து வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, அதுல பிரிண்டுக்கு பிராக்கெட் இருக்காது, பையன் அதையே பாத்து அடிச்சுட்டு எரர் வந்து ஒரு பீரியட் பூரா வீணாப் போகும். அப்புறம் அக்கவுண்ட் தொடங்க வயசு வரம்பு என்னன்னு பாருங்க, நெறைய சைட்ல 13 வயசு கேப்பாங்க, கேக்காத இடத்துல கூட பேரண்ட்ஸ் கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சுக்கறது நல்லது.

இப்போ முக்கியமான வேல. கோர்ஸ நீங்க முதல்ல பண்ணணும். வீடியோவ ஓட விட்டு தலையாட்டறது கணக்குல வராது, பயிற்சி ஒவ்வொண்ணையும் உக்காந்து எழுதணும், பசங்களுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போய்க்கிட்டே இருந்தா போதும். எங்கெங்க நீங்க தடுக்கி விழுந்தீங்கன்னு ஒரு நோட்ல குறிச்சு வைங்க. அந்த நோட்டு தான் உங்க பாடத்திட்டம், ஏன்னா நீங்க விழுந்த அதே பள்ளத்துல தான் பசங்களும் விழுவாங்க. நல்லா கோடிங் தெரிஞ்ச டீச்சருக்கு இதுல ஒரு கஷ்டம் இருக்கு, அவங்களுக்கு எங்கயும் தடுக்காது, அதனால பசங்க எங்க விழுவாங்கன்னே தெரியாது. அதுக்கு வழி, முதல் வருஷம் பசங்க கேக்கற ஒவ்வொரு கேள்வியையும் எழுதி வச்சுக்கறது தான்.

கிளாஸுக்குள்ள எப்படிப் போகும்னா, வீடியோவ ஆளாளுக்கு போட விடாதீங்க, பெரிய ஸ்கிரீன்ல எல்லாரும் சேர்ந்து பாருங்க, எட்டு நிமிஷம், மிஞ்சிப் போனா பத்து. நிறுத்திட்டு போர்டுல மூணு வரி எழுதுங்க. எக்ஸ்ல 5 போடு, ஒய்ல எக்ஸ போடு, அப்புறம் எக்ஸ்ல 7 போடு, இப்போ ஒய் எவ்ளோ? பாதி கிளாஸ் 7ன்னு கத்தும். கணக்குப் பாடத்துல சமம்னா ரெண்டு பக்கமும் எப்பவும் சமம் தானே, அதான் குழப்பம், இங்க அந்த குறிக்கு அர்த்தம் வலது பக்கம் இருக்கறத தூக்கி இடது பக்க டப்பால போடுன்னு. உடனே விளக்கிறாதீங்க, முதல்ல எல்லாரும் விடைய பேப்பர்ல எழுதட்டும், பக்கத்துல இருக்கறவன் கூட சண்ட போடட்டும், அப்புறம் ரன் பண்ணிப் பாருங்க. 5ன்னு வந்ததும் அந்த மூஞ்சிங்களப் பாக்கணுமே. விடைய எழுதிக் குடுத்துட்டு தப்பாப் போனவனுக்குத் தான் அது மனசுல நிக்கும், வீடியோல கேட்டுக்கிட்டே போனா காத்துல போயிரும். முதல்ல என்ன வரும்னு சொல்லு, ஓட்டிப் பாரு, உள்ள தோண்டிப் பாரு, கொஞ்சம் மாத்து, கடைசியா சொந்தமா எழுதுன்னு இந்த வரிசைக்கு பிரிம்னு ஒரு பேரே இருக்கு, சூ சென்டன்ஸ்னு கம்ப்யூட்டர் கல்வி ஆராய்ச்சி பண்றவங்க கொண்டு வந்தது. பேரு ஞாபகம் இல்லன்னாலும் வரிசைய மட்டும் மாத்தாதீங்க, நாம எல்லாருமே அவசரத்துல கடைசி படிக்குத் தான் நேராத் தாவுவோம்.

இந்த மாதிரி கேள்வி இன்னும் ரெண்டு கைவசம் வச்சுக்கங்க. பைத்தான் லூப்ல எங்கேர்ந்து எது வரைக்கும்னு சொல்ற ரேஞ்சுக்கு 1, 5ன்னு குடுத்தா லூப் எத்தன தடவ ஓடும்? நாலு தான், 5 உள்ள வராது. இன்புட்ல 5ம் 5ம் வாங்கிக் கூட்டுனா 55ன்னு வருதே ஏன்? அது நம்பர் இல்ல எழுத்து, ஒட்ட வச்சிருச்சுன்னு அவங்க வாயாலயே வர வைங்க. கோட் ஓடறத வரி வரியாக் காட்ட பைத்தான் டியூட்டர்னு ஒரு சைட் இருக்கு, ஒவ்வொரு வரி ஓடறப்பவும் எந்த டப்பால என்ன இருக்குன்னு படமாக் காட்டும், நான் வாய் வலிக்க சொன்னது அதுல ஒரு நிமிஷத்துல புரிஞ்சுருது. கோட் எழுதறதுக்கு தானின்னு (Thonny) ஒரு சாஃப்ட்வேர் நல்லது, எஸ்தோனியால டார்ட்டு யூனிவர்சிட்டில பண்ணுனது, ஆரம்ப ஆளுங்களுக்குன்னே சிம்பிளா இருக்கும்.

ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க, ஒருத்தன் டைப் அடிக்கணும், இன்னொருத்தன் சொல்லணும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறணும். டைமர் போடலைன்னா தெரிஞ்சவனே கீபோர்ட கடைசி வரைக்கும் வச்சுக்குவான், அதனால டைமர் போடுங்க. உங்களுக்கும் ஒரு சட்டம்: பசங்களோட கீபோர்ட தொடாதீங்க. எனக்கு இது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஒரு கோலன் விட்டுருப்பான், கை பரபரக்கும். கைய கட்டிக்கிட்டு எரரோட கடைசி வரியப் படிடான்னு சொல்லுங்க. முதல் மாசத்துல வர்ற எரர் எல்லாம் திரும்பத் திரும்ப அதே அஞ்சாறு தான், நேம் எரர்னா நீ பேரு வைக்காத ஒண்ணக் கூப்புடற இல்ல எழுத்துப் பிழை, இன்டென்டேஷன் எரர்னா இடம் விட்டது சரியில்ல, டைப் எரர்னா எழுத்தையும் நம்பரையும் கலந்துட்டன்னு அவங்க பாஷைல ஒரு சார்ட் எழுதி செவுத்துல ஒட்டிருங்க.

அடுத்து பச்சை டிக். ஆட்டோகிரேடர், அதாவது பயிற்சிய தானாத் திருத்தற புரோகிராம், வச்சிருக்கற கோர்ஸ் நமக்கு திருத்தற வேலைய கொறைக்குது, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அது விடை சரியான்னு மட்டும் தான் பாக்கும், பையனுக்குப் புரிஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது. டிக் விழற வரைக்கும் பிளஸ்ஸ மைனஸ் ஆக்கறது, மைனஸ பிளஸ் ஆக்கறதுன்னு லாட்டரி ஆடற பசங்க இருக்காங்க, பக்கத்து சீட்ல காப்பி அடிக்கறது, ஏஐ கிட்ட கேட்டு ஒட்டறதுன்னு மத்ததெல்லாம் தனி. இதையெல்லாம் போலீஸ் மாதிரி புடிக்கப் போனா நாம தான் களைச்சுப் போவோம். நான் பண்றது, வாரத்துக்கு ஆறேழு பேரக் கூப்புட்டு அவங்களோட சொந்த கோடையே தொறந்து வச்சு, இந்த வரி எதுக்கு, இத எடுத்துட்டா என்ன ஆகும், இப்போ இத பெருசுலேர்ந்து சின்னதா வர்ற மாதிரி மாத்துன்னு ரெண்டு நிமிஷம் கேக்கறது. சொந்தமா எழுதுனவன் தப்புத் தப்பா ஆரம்பிச்சாலும் வந்துருவான், ஒட்டுனவன் முதல் கேள்விலயே நின்னுருவான். மார்க்குல பெரிய பங்கு இந்த ரெண்டு நிமிஷத்துக்குத் தான், டிக்குக்கு கொஞ்சம் தான்னு முதல் நாளே சொல்லிட்டா காப்பி பாதி தானாக் கொறையும்.

வேகம் ஒரு தலைவலி. வேகமாப் போறவன கோர்ஸ்ல அடுத்த பாடத்துக்கு விட்டீங்கன்னா இடைவெளி பெருசாகிட்டே போகும், ஒரு கட்டத்துல கிளாஸே ரெண்டா ஒடஞ்சுரும். அவன அதே பாடத்துல அகலமாப் போக விடுங்க, இது வரைக்கும் படிச்சத மட்டும் வச்சு ஒரு கேம் பண்ணு, வினாடி வினா பண்ணுன்னு. மெதுவாப் போறவங்களுக்கு ஒவ்வொரு பாடத்துலயும் கண்டிப்பா பண்ண வேண்டிய ரெண்டு பயிற்சிய மட்டும் குறிச்சுக் குடுங்க, மிச்சம் விட்டா விட்டதாவே இருக்கட்டும். அவங்களுக்கு பார்சன்ஸ் புதிர் நல்லா கை குடுக்கும், சரியான கோடையே வரி வரியா கட் பண்ணி கலச்சுக் குடுத்துட்டு வரிசைப்படுத்துன்னு சொல்றது, டைப்பிங் பிழை பயம் இல்லாம லாஜிக் மட்டும் யோசிப்பாங்க, பேப்பர்லயே பண்ணிரலாம்.

நெட் போற நாளும் வரும், அன்னிக்கு கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது. கோலிப்ரின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சா கான் அகாடமி வீடியோ மாதிரி பாடங்கள நெட் இல்லாம லேப் முழுக்க காட்டலாம். அதுவும் இல்லன்னா பேப்பர்ல ஒரு டேபிள் போட்டு, பக்கவாட்டுல வேரியபிள் (அதான் நாம சொன்ன டப்பா) பேரு, கீழ கீழ ஒவ்வொரு வரி ஓடுனப்புறம் அதுல இருக்கற மதிப்புன்னு கையாலயே கோட ஓட்டச் சொல்லுங்க. கரண்ட் இல்லாத ஒரு நாள் இத பண்ணுனோம், லூப் புரியாம இருந்த ரெண்டு பேருக்கு அன்னிக்குத் தான் புரிஞ்சுது, அதுலேர்ந்து நெட் நல்லா இருந்தாக் கூட மாசம் ஒரு நாள் மானிட்டர ஆஃப் பண்ணிட்டு பேப்பர எடுக்கறோம்.

இன்னொண்ணு, அடுத்த வருஷம் அதே கோர்ஸ எடுக்கறதா இருந்தா ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள போய் எல்லா லிங்க்கும் வேல செய்யுதான்னு பாத்துருங்க, சொல்லாம கொள்ளாம வெர்ஷன் மாத்திருவாங்க. எனக்கு ஒரு தடவ பாதி வருஷத்துல பாட வரிசையே மாறிப் போய், பசங்க டிக் எல்லாம் காணாமப் போச்சு. நல்ல வேளை, என் நோட்டு இருந்துச்சு.