மினி பிசி: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

கடைகள், கிளினிக்குகள், ஆடிட்டர் அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள் என்று பல இடங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். மினி பிசி எனப்படும் சிறிய மேசைக் கணினிகளை நான் விரும்பியே பரிந்துரைக்கிறேன். பில் போடும் மேசையில் இடத்தை அடைக்காது, மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும். டவர் கணினி என்றால் வேலையைச் சேமித்து அணைக்க மட்டுமே நேரம் தருகிற சின்ன யூபிஎஸ், மினி பிசியைப் பல நேரம் மின்வெட்டு முடியும் வரைகூடத் தாங்கிவிடும். சிறு கடைக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, இன்று புதிதாக வாங்குகிறவர்கள் காசு கொடுத்து மறுபடியும் கற்றுக்கொள்கிறார்கள். டிவிடி டிரைவ் கிடையாது என்பது போன்று பார்த்ததுமே தெரிகிற குறைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிராசசரின் பெயரை மட்டும் பார்ப்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மற்ற தவறுகளைச் சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்துவிடலாம். இதில் முழு விலையும் போய்விடும்.

திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் எடிட்டிங்குக்காக ஒரு மினி பிசி வாங்கி வந்தார். "டவரிலும் ஐ7, இதிலும் ஐ7. இடமாவது மிச்சமாகட்டுமே சார்" என்றார். ரெண்டரிங் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக உருவாக்கும் வேலை) தொடங்கியதும் சிறிது நேரம் பறந்தது. அதற்குப் பிறகு டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்து படிப்படியாக இறங்கி, 2-க்கும் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது. விசிறியின் இரைச்சல் மட்டும் குறையவில்லை.

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் கோர் ஐ7-13700 டவருக்கான பிராசசர். அதன் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்சத்தில் 219 வாட். ஐ7-13700டி என்று கடைசியில் ஓர் எழுத்து கூடினால் அடிப்படை 35 வாட், உச்சம் 106 வாட். இரண்டிலும் 16 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்). விளம்பரத்தில் போடும் உச்ச வேகமும் 5.2, 4.9 என்று பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அடிப்படை வேகத்தைப் பாருங்கள்: முன்னதில் 2.1 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 1.4. உச்ச வேகம் சிறிது நேரத்துக்கு மட்டுமே. மணிக்கணக்கில் ஓடும் வேலையில், பெட்டியால் வெளியேற்ற முடிகிற வெப்பத்தின் அளவுக்கே வேகம் நிற்கும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிக்குள் மடிக்கணினியில் இருப்பது போன்ற மெல்லிய விசிறிதான் வைக்க முடியும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக் மினி உட்படப் பல மினி பிசிக்களுக்கு, அறை வெப்பநிலை 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். வேலூரிலும் கரூரிலும் மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி இல்லாத எடிட்டிங் அறையின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்டூடியோக்காரருக்குத் தேவைப்பட்டது கிராபிக்ஸ் கார்டு. அதைப் பொருத்த அந்தப் பெட்டியில் இடமே இல்லை. சீலைப் பிரித்த பொருளைக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. கடைசியில் டவர் ஒன்றைத் தனியாக வாங்கினார். அந்த மினி பிசி இப்போது முன்னறையில் ஆல்பம் ஆர்டர்களைப் பதிவு செய்கிறது, அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. பில்லிங், டேலி, இணையம் எல்லாம் விட்டுவிட்டு வருகிற வேலைகள். நொடி நேர உச்ச வேகமே அவற்றுக்குப் போதும்.

ஆகவே வாங்குமுன் பிராசசரின் முழுப் பெயரையும் எழுதிக் கேளுங்கள். கடைசி எழுத்து டி என்றால் பெரும்பாலும் 35 வாட், எச் என்றால் பல மாடல்களில் 45, யூ என்றால் பெரும்பாலும் 15. முடிந்தால் உங்கள் வேலையையே அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசிப் பத்து நிமிட வேகத்தைக் கவனியுங்கள். தொடக்க வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது.

மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டுவது

திருட்டுக்குப் பயந்து செய்கிறார்கள். யூபிஎஸ்ஸையும் அதே டிராயருக்குள் வைத்துவிடுகிறார்கள். அடிக்கடி அணைந்துபோகிறது என்று ஒரு ஜவுளிக்கடையில் கூப்பிட்டார்கள். அடிமூடியைக் கழற்றினால், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே துணிப் பஞ்சு கம்பளிபோல் படிந்து, நகத்தால் பிடித்து ஒரே துண்டாக உரித்தெடுக்க வந்தது. பூட்டுத்தான் வேண்டும் என்றால், பல மினி பிசிக்களின் பின்புறத்தில் பாதுகாப்புக் கேபிளுக்கென்று துளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது

மதர்போர்டிலேயே சாலிடர் செய்த ரேம் என்றால் 'பிறகு' என்பதே கிடையாது. எம் வரிசைச் சிப்புகளோடு வரும் மேக் மினிக்களிலும் வாங்கும்போது உள்ள அளவுதான் கடைசிவரை. இன்டெல் என்100 சிப் உள்ள வகைகளில் ரேம் சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) ஒன்றே ஒன்று; மாற்ற முடிகிற மாடல்களிலும் பொதுவாக ஒரே ஸ்லாட்தான். 8 ஜிபி துண்டை எடுத்துவிட்டு 16 ஜிபி போட வேண்டும், பழையது வீண். இரண்டு ஸ்லாட் உள்ள கணினியில் இரண்டு துண்டுகளாகப் போடுங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான வேலையும் அதே ரேமில்தான் நடக்கிறது. ஒற்றைத் துண்டில் அது தடுமாறும்.

எம்.2 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

எம்.2 என்பது எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) செருகும் ஸ்லாட்டின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் வந்தாலும், தகவலை அனுப்பும் முறையில் சாட்டா வேறு, என்விஎம்இ வேறு. ஸ்லாட் எதை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். நீளத்தையும் பாருங்கள்.

பேர்போன் விலையைப் பார்த்து மயங்குவது

பேர்போன் என்றால் உள்ளே எல்லாம் இருக்காது: ரேம் இல்லை, எஸ்எஸ்டி இல்லை, விண்டோஸ் இல்லை.

முனை பொருந்துகிறது என்று வேறு அடாப்டரை மாட்டுவது

வேண்டாம்.

மானிட்டரின் முதுகில் மாட்டுவது

மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். பல மானிட்டர்களில் ஸ்டாண்டே அந்தத் துளைகளில்தான் மாட்டியிருக்கும் என்பதை, மினி பிசியை மாட்டும் தாங்கியை வாங்கி வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். மாட்ட முடிந்தாலும் பவர் பட்டன் கைக்கு எட்டுகிறதா, விசிறி காற்றை இழுக்கும் பக்கம் மானிட்டரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தலைமுறையைப் பார்க்காமல் பழையது வாங்குவது

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஒரு லிட்டர் கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. நல்ல உறுதியான பெட்டிகள், தாராளமாக வாங்கலாம். ஆனால் அங்கேயும் 'ஐ5' என்ற பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐ5-7500டி ஏழாம் தலைமுறை, 4 கோர்கள். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்கள் என்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட பட்டியலில் அது இல்லை. ஐ5-8500டி எட்டாம் தலைமுறை, 6 கோர்கள். அது பட்டியலில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே பணப் புழக்கம் உள்ள இடத்துக்கு ஏழாம் தலைமுறை வேண்டாம். லினக்ஸ் போட்டு வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்க என்றால், அதே 7500டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.