கழிச்சல் நிற்காத நாய்க்கு

மூன்று வாரம் தாண்டியும் நாய்க்குக் கழிச்சல் விட்டுவிட்டு வருகிறதென்றால், கண்டதைத் தின்றதால் வந்த கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: மாதுளந்தோல், மோர், வீட்டில் மிஞ்சிய மாத்திரை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும். மனிதர்களுக்கான மாத்திரை கூடவே கூடாது.

முதலில் மலத்தைப் பாருங்கள். அருவருப்புப் படுகிறவர் நாய் வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி. அளவு நிறையப் போய் உடலும் இளைத்தால் சிறுகுடலைச் சந்தேகிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி முக்கி, சளியும் சிவந்த ரத்தமுமாகப் போனால் பெருங்குடல். மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியெடுத்துத் தீனி தின்பதையும் நிறுத்திவிட்டாலோ, வயிறு வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய்களுக்கு விலா எலும்பு தெரிவது இயல்பு; இளைப்பைக் கண் சொல்லாது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, வாரந்தோறும் எழுதிவையுங்கள். தொடைச் சதை வற்றுகிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

மலப் பரிசோதனை ஒருமுறை சுத்தமாக வந்தால் நம்பிவிடாதீர்கள். சாட்டைப்புழு முட்டையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் தினமும் வெளிவருவதில்லை. வெவ்வேறு நாள் மலத்தைக் கொடுங்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நன்றாகத் தின்றும் மெலிந்து, மலம் வெளுத்து எண்ணெய்ப்பசையாக இருந்தால், தீனியைச் செரிக்கவைக்கும் கணைய நொதியின் குறைவுக்கான ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது உறுதியானால் நொதித் தூளைத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

புழுவும் இல்லை, வேறு நோயும் இல்லை என்றால் தீனிச் சோதனை. பல நாய்களுக்கு இதிலேயே குணம் தெரியும். இதுவரை தின்னாத ஒரே இறைச்சி, ஒரே மாவுப்பொருள். கோழிக்கழிவிலேயே வளர்ந்த நாய்க்கு, முள் நீக்கி அவித்த, கொழுப்பில்லாத மீனும் சோறும் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம் வேண்டாம். குறைந்தது இரண்டு வாரம் வேறெதுவும் வாயில் படக்கூடாது. சோதனையைக் கெடுப்பது நாயல்ல, வீட்டார்தான். மிஞ்சிய தேங்காய்ப்பால் சொதியில் பிசைந்த சோறு, ஆச்சி ஒளித்துப் போடும் முறுக்கு, பக்கத்து வீட்டுப் பிஸ்கட் எல்லாம் கணக்குத்தான். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வேறு கழிச்சலைக் கூட்டும்.

எடுத்த எடுப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை நச்சரிக்காதீர்கள். அப்போதைக்கு நின்றாலும் நிறுத்தியதும் திரும்புவது வழக்கம், குடலின் நல்ல கிருமிகளும் அழியும். மலம் கட்டியானால் பழைய தீனியை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதில் மறுபடி இளகுகிறது என்று பாருங்கள். மீனும் சோறும் நெடுநாளைக்குப் போதாது. கால்சியம் முதலான சத்துகளுக்கு என்ன சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.